முறுக்கின் அளவு

கோலா கெடா முதல் கூலிம் வரை ஒருகாலத்தில் ஓடிய மோரிஸ் மைனர் வண்டிகளுள் சில இன்றும் அன்புடன் பேணப்படுகின்றன. 1956இல் 948 சி.சி., 1962இல் 1098 சி.சி. என அவ்வண்டியின் இயந்திரம் வளர்ந்தது. ஆயினும் வால்வு மூடி மெல்லிய தகடாகவே இருந்தது. அதனை அழுத்தி நிறுத்துபவை இரண்டே நட்டுகள். அடியில் தக்கையாலான கேஸ்கட்.

எண்ணெய் கசியக் கண்டதும் நட்டை மேலும் முறுக்குவது மனித இயல்பு. முறுக்க முறுக்கத் தகடு வளையும், தக்கை நசுங்கிப் பிளக்கும், கசிவு பெருகும். வேண்டிய விசை நான்கு அடி-ராத்தலே. பழைய தக்கையைச் சுரண்டி நீக்கி, வளைந்த விளிம்பைச் சமன்செய்து, புதியதைப் பொருத்தி, இரு நட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

அவ்வேளைகளில், பால்மரம் சீவிய என் தந்தையாரின் கை நினைவில் எழும். பட்டையின் அடியிலுள்ள உயிர்ப்படலத்தைக் கத்தி தீண்டலாகாது. தீண்டினால் பட்டை செவ்வனே மீண்டும் வளராது. தக்கையும் மரப்பட்டையே! போர்த்துகல் நாட்டில் ஓக் மரத்தினின்று ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, உள்ளுயிர் கெடாமல் உரிக்கப்படுவது.

இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. சீவிய கைகளும் அருகிவிட்டன. அக்கைகளை உலகம் ‘கூலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிற்று. மயிரிழை ஆழத்தில் நிறுத்தத் தெரிந்த கைக்கு அச்சொல் எங்ஙனம் பொருந்தும்? பட்டறையில் நட்டை இறுக்கும் ஒவ்வொரு முறையும் அக்கல்வியே என் மணிக்கட்டை நிறுத்துகிறது.