மரம் காஞ்சிருக்கா?

விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா லயத்துக் கதவைத் திறப்பார். நேரே போய் எதிரே நின்ற கித்தா (ரப்பர்) மரத்தில் உள்ளங்கையை வைப்பார். வைத்த கையை உடனே எடுக்கமாட்டார். பட்டையின் மேல்புறம் காய்ந்து, வெடிப்புக்குள் ஈரம் தங்கியிருக்கலாம் அல்லவா? விரலை வெடிப்புக்குள் விட்டுப் பார்ப்பார். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வரும்: "மரம் காஞ்சிருக்கா?"

காய்ந்திருந்தால் தலைத்துணியைக் கட்டி, உளியையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்கெடுப்புக்கு, கிளம்புவார்கள். நனைந்திருந்தால் அம்மா திரும்பி வந்து அடுப்பை மூட்டுவார். அன்றைக்கு அவர் பேசமாட்டார்.

மலாக்காவின் டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் எண்பதுகளில் எங்கள் வீட்டு வானிலை அறிக்கை அவ்வளவுதான்.

கித்தா மரத்துக்குப் பால் நன்றாக இறங்குவது விடியல் குளிரில். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய், மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, பால் சுணங்கிவிடும். அதனால்தான் நெற்றி விளக்கோடு இருட்டிலேயே நிரை பிடிப்பது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது, மரமெல்லாம் வழியும். வெட்டிய பிறகு மழை வந்தாலோ இன்னும் மோசம். கோப்பை நிரம்பி, பாலும் தண்ணீருமாகத் தரையில் போகும். வெள்ளையாக ஓடும் அந்தத் தண்ணீரை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அது எங்கள் அன்றைய கூலி என்று தெரியாத வயது.

வைகாசி தொடங்கி ஐந்தாறு மாதத்துக்கு ஒரு பயம் இருந்தது. மலாக்கா நீரிணைக்கு மேல் இரவில் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, விடியும் முன் கரையேறும். முதலில் காற்று, பிறகு இடி, அப்புறம் தகரக் கூரையில் கல்லெறிவதுபோல் மழை. வானிலைக்காரர்கள் அதற்கு 'சுமத்ரா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அம்மா கதவைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் வரும்.

மாதங்களை மரமே சொல்லிக்கொண்டிருந்தது. தை பிறந்தால் கித்தா இலை செம்பழுப்பாகி உதிரத் தொடங்கும். மாசி மகத்துக்குச் செங் ஊரின் சன்னாசிமலைக்குப் போகும்போது தோட்டம் மொட்டையாக நிற்கும். காய்ந்த இலைமேல் நடந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். பிறகு ஒரே வாரத்தில் செம்பு நிறத் தளிர். அதுவரை பால் குறைவு, கடைப் பற்று அதிகம். ஆவணி, புரட்டாசியில் காய் வெடிக்கும். மதிய அமைதியில் 'டப்' என்று ஒரு சத்தம், எங்கோ கொட்டை விழும் சத்தம். அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்திலிருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம்.

டுரியான் துங்கால் என்ற பெயருக்குப் பொருள் ஒற்றைத் துரியான். துரியானுக்கும் மழையோடு ஒரு கணக்கு உண்டு. சில வாரம் மழையில்லாமல் வாட்டினால்தான் அது பூ வைக்கும். பூத்த நேரம் பெருமழை பிடித்தால் பூவெல்லாம் கொட்டிப்போகும். ஆக, மாசி, பங்குனியில் வெயில் காய்ந்தால் பால் குறையும். ஆனால் ஆனி, ஆடியில் துரியான் கிடைக்கும். "ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண எடுத்துக்குது" என்று பாட்டி அதை முடித்துவிடுவார்.

1991இல் அந்தக் கணக்கு தவறியது. டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டது. மலாக்கா மாநிலமே குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அது. அப்பா சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர் இருந்த இடத்தில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் என் முழங்கைவரை போனது. பட்டணத்தில் லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றார்கள். எங்களுக்குத் தோட்டத்துக் கிணறு இருந்தது. அதுவும் அடியில் மண்ணைக் காட்டியபோதுதான் பாட்டி வாயைத் திறந்தார்: "எங்க காலத்து மழ வேற. இப்ப எல்லாம் மாறிப்போச்சி."

இந்த வாக்கியம்தான் என்னை இன்று தடுமாற வைக்கிறது. ஏனென்றால் இப்போது அதையே நான் சொல்கிறேன். பாட்டி சொன்னபோது அது உண்மையா? நான் சொல்லும்போது உண்மையா?

ஓர் ஆண்டு காய்வதும் ஓர் ஆண்டு கொட்டுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நம் பக்கத்து மழை குறையும். 1997இல் அப்படித்தான் சுமத்ராவிலும் களிமந்தானிலும் கரிமண் காடுகள் பற்றி எரிய, விடிகாலை மழையைக் கொண்டுவந்த அதே மேற்குப் பக்கத்திலிருந்து புகைமூட்டம் வந்தது. அடுத்த ஏப்ரலில் பெர்லிஸின் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. இவை வரும், போகும். பாட்டி கண்டது இந்த ஊசலாட்டமாகவே இருக்கலாம்.

ஊசல் தொங்கும் ஆணியே நகர்வது வேறு விஷயம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகம் சராசரியாக 1.1 பாகை சூடேறியிருந்தது. 2024ஆம் ஆண்டு 1.5 பாகையையும் தாண்டியது. ஒரு பாகை சூடானால் காற்று ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் காயும்போது மண்ணை இன்னும் உறிஞ்சும். பெய்யும்போது இன்னும் கொட்டும்.

இதையெல்லாம் நான் அளந்து அறியவில்லை, படித்து அறிந்தேன். பத்து பிரண்டாம் விமான நிலையத்தில் வெப்பமானி இருக்கிறது; அது தன் வேலையைச் செய்யும். எங்கள் கருவிதான் போய்விட்டது. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. எல்லா மாதமும் ஒரே முகம். பிறகு தாமான்கள் என்ற வீடமைப்புகள் வந்தன. 2000இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு இங்கே பெரிய வளாகம் வந்தது. லயம் இருந்த இடத்தில் நின்றால் இரவில்கூடச் சுவரும் தாரும் சூட்டை விடுகின்றன. அன்றைய விடியல் குளிரில் எவ்வளவு உலகத்தினுடையது, எவ்வளவு தலைக்கு மேலிருந்த இலைகளுடையது? பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

மிச்சமிருக்கும் சிறுதோட்டத்து மரங்களைக் கேட்கலாமென்றால், அவையும் சரியான சாட்சி இல்லை. 2017 முதல் மலேசியக் கித்தாவில் ஒரு பூஞ்சை நோய் பரவி, காலமல்லாத காலத்தில் இலையைக் கொட்டுகிறது. புரட்டாசியில் மொட்டையாக ஒரு மரத்தைக் கண்டால் அது வெயிலைச் சொல்கிறதா, நோயைச் சொல்கிறதா?

அப்பா இப்போது இல்லை. அம்மா அண்ணனோடு தாமான் வீட்டில் இருக்கிறார். 2020 ஜனவரியில் மலாக்காவின் அணைகள் இறங்கி, தண்ணீரை முறைவைத்து விட்டார்கள். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு ஜுஸ் அணை கட்டியாயிற்று, ஜோகூரின் மூவார் ஆற்றிலிருந்து குழாய் வருகிறது, அப்படியும் போதவில்லை. அம்மா அலட்டிக்கொள்ளாமல் வாளிகளை வரிசையாக நிரப்பி வைத்தார். இரண்டே ஆண்டில், 2022 ஜனவரியின் முதல் நாட்களில், அலோர் காஜா, ஜாசின் பக்கமெல்லாம் வெள்ளம். மக்கள் நிவாரண மையங்களில் படுத்திருந்தார்கள். "அதே மாசம்தானே?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

போன வாரம் அதிகாலையில் அவரை அழைத்தேன். காரில் கிளம்ப வேண்டும். வழியெல்லாம் மழையென்று கைப்பேசி சொன்னது. "அங்க மழையாம்மா?"

"இரு, பாத்துட்டு வரேன்."

அண்ணன் வீட்டின் பின்னால், பெரிய சாக்கடை ஓரத்தில், யாரும் நடாமல் முளைத்த கித்தா மரம் ஒன்று நிற்கிறது. செருப்புச் சத்தம் போனது. பின்கதவு திறந்தது. வானத்தைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. காத்திருந்தேன். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"காஞ்சிதான் இருக்கு. பொறப்படு."