பௌரி மலையில் இடித்த முள்ளங்கி

தலைநகரில் மார்கழி பிறந்ததும் முள்ளங்கிக்குத் தனி மதிப்பு ஏற்பட்டுவிடுகிறது. முழங்கை நீள வெண்கிழங்குகள் பசுந்தழையோடு தெருத்தெருவாக வண்டிகளில் வருகின்றன. வடவர் அதனைப் பச்சையாகவே உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து உண்பர். நம்மவர் இல்லங்களிலோ அது பெரும்பாலும் சாம்பாரோடு நின்றுவிடும். அதன் நெடி பிடிக்காமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் சிறுவரும் பலர். அவர்களுடைய அன்னையரை எண்ணியே கார்வால் மலைநாட்டுச் சமையல் ஒன்றை இங்கு எழுதுகிறோம்.

2000ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தினின்றும் பிரிந்து தனி மாநிலமான உத்தராகண்டில் உள்ளது பௌரி. கோட்துவார் வரையில் இரயிலில் சென்று, அங்கிருந்து துகட்டா, சத்புலி ஆகிய ஊர்களைக் கடந்து மலைப்பாதையில் ஏறவேண்டும். சத்புலியில் நயார் ஆற்றைக் காணலாம். பௌரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானம் தெளிந்த காலையில் சௌகம்பா முதலிய பனிமுடிகள் எதிரே அணிவகுத்து நிற்கும். கண்ணுக்கு விருந்துதான், ஆயினும் குளிரில் வயிறு வேறொன்றைக் கேட்கும். அதற்கு அம்மக்கள் அளிக்கும் விடை ‘தெச்வானி’.

பௌரிக்குக் கீழே ஒரு சிற்றூரில், நண்பர் ஒருவரின் தாயார் எங்களுக்கு அதனைச் சமைத்துக் காட்டினார். பருத்த மலை முள்ளங்கியையும் உருளைக்கிழங்கையும் கல்லின்மேல் வைத்து நசுக்கினார். அரிந்தால் ஆகாதா என்று வினவினோம்.

“கத்தி பட்டால் துண்டாகும், மகனே, கல் பட்டால்தான் இளகும்” என்றார்.

அதில் உண்மை உண்டு. முள்ளங்கியின் காரம், கிழங்கின் திசு சிதையும்போது ஒரு நொதியின் செயலால் பிறப்பது. ஆதலால் இடித்தவுடன் நெடி மூக்கில் ஏறும். திறந்த பாத்திரத்தில் நன்கு கொதித்தால் அந்நெடி ஆவியோடு பெரும்பாலும் அகன்றுவிடும், இனிமை எஞ்சும். சிதைந்த நார்களுக்குள் குழம்பும் எளிதில் ஊறும்.

கடுகெண்ணெயில் அவர் தாளித்தது ‘ஜக்யா’ என்னும் சிறு விதை. அது வேறன்று, நம் வயலோரங்களில் களையாக முளைக்கும் நாய்க்கடுகே. உடன் வந்த ‘மண்டுவா’ ரொட்டியோ நம் கேழ்வரகு! பனிமலையின் அடியில் அமர்ந்து, நம் ஊர்ப் புன்செய்யின் விளைவை உண்டோம்.

அவ்வூரில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டுகளில் பௌரி மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்தது என்பதைக் குடிக்கணக்கே காட்டுகிறது. பிழைப்பைத் தேடி இளைஞர் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். அம்மூதாட்டியின் மக்கள் மூவரும் வெளியூர்களில்தான் இருக்கின்றனர்.

“இடிக்கக் கல் இருக்கிறது, உண்ணத்தான் ஆள் இல்லை” என்று கூறி, எங்கள் தட்டில் மேலும் ஓர் அகப்பை இட்டார். நம் ஊர்களில் நமக்காகக் காத்திருக்கும் கைகள் நினைவுக்கு வந்தன. நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

செய்முறை எளிது. அரைக்கிலோ முள்ளங்கி, இரண்டு உருளைக்கிழங்கு ஆகியவற்றை உரலிலோ அம்மியிலோ ஒன்றிரண்டாக நசுக்குக. மிக்ஸி வேண்டா; கூழாகிவிடும். கடுகெண்ணெயைக் காயவைத்து, ஜக்யா கிடைக்காவிடில் கடுகும், வற்றல் மிளகாயும் தாளித்து, நசுக்கியவற்றை வதக்குக. மஞ்சள், கொத்தமல்லித் தூள், உப்பு, வேண்டிய நீர் சேர்த்து, மூடாமல் கொதிக்கவிட்டுக் கெட்டியானதும் இறக்குக. சோற்றோடும் கேழ்வரகு ரொட்டியோடும் சுடச்சுட உண்க.

அண்டை வீட்டில் கார்வாலியர் இருப்பின் ஒரு கிண்ணம் அவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்களே.