விடலாங்கம்மா

போலிஷ் கேப் கோழி விற்றவன் நான். வாங்க வருகிறவர்களிடம் பெருமையடிப்பேன். பெயர்தான் போலிஷ், 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களிலேயே இந்தக் கோழி நிற்கிறது என்பேன். பெட்டைக்குக் கொண்டை பந்துபோல உருண்டிருக்கும், சேவலுக்கு இறகு மெலிந்து நாலாபக்கமும் சரியும் என்று பிடித்துக் காட்டுவேன். முட்டை வெள்ளை. அடைக்கு உட்காராது. எல்லாம் உண்மை. வியாபாரத்துக்கு உதவிய உண்மை.

சொல்லாமல் விட்டது வேறு. அந்தக் கொண்டைக்கு அடியில் மண்டையோடே மேடாகப் புடைத்திருக்கும். மேட்டில் எலும்பு முழுதாக மூடாமல் துளை துளையாக இருப்பதை டார்வின் 1868-லேயே எழுதியிருக்கிறார். அங்கே பலமாக ஒரு கொத்து விழுந்தால் தாங்காது. இறகு கண்ணை மறைப்பதால் கொத்த வருவதும் தெரியாது. மற்ற கோழிகளோ அந்தக் கொண்டையைக் கண்டால் பிடுங்காமல் விடாது. என் வீட்டில் தனிக் கூண்டில்தான் வைத்திருந்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கண்ணோரத்து இறகைக் கத்தரித்தால் அதற்குப் பார்வை கிடைக்கும். கத்தரிக்கவில்லை. கொண்டை சிறுத்தால் விலை குறையும்.

வயதான ஓர் அம்மா பேத்தியோடு வந்தார். குழந்தை அந்தப் பெட்டையை விட்டு நகரவில்லை. "தம்பி, எங்கூட்டு நாட்டுக்கோழிகளோட விடலாங்களா? தனியாக் கூண்டு கட்ட வசதி இல்லீங்க" என்றார். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். டார்வினைப் பற்றிப் பேசத் தெரிந்த எனக்கு, கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வாங்கமாட்டார்.

"விடலாங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

குரல்கூடத் தடுமாறவில்லை.

சில நாளில் போன் வந்தது. "மண்டையக் கொத்தியே கொன்னுபோட்டுதுங்க தம்பி. பாப்பா சோறு திங்கமாட்டேங்குது. நாந்தான் சரியாப் பாத்துக்கல." என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் பாத்திருக்கணுங்கம்மா" என்றேன். பழியை அவர்மேலேயே போட்டேன்.

பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்லவில்லை. இன்னொரு பெட்டை இருக்கிறது, விலையைக் குறைத்துத் தருகிறேன், வேண்டுமா என்று கேட்டேன்.