மீண்டும் மீண்டும் ஸௌபத்ரம்

புனே, சதாசிவ பேட்டை

அன்பார்ந்த நண்பருக்கு,

ஒரே தோடியை எத்தனையோ வித்வான்களிடம் கேட்ட பிறகும், புதிதாக ஒருவர் பாட வருகிறார் என்றால் தஞ்சாவூரின் எந்த மூலையாயிருந்தாலும் முதல் ஆளாகப் போய் ஜமக்காளத்தில் உட்காரும் தாங்கள், 'பார்த்த நாடகத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பதில் என்ன சுகம்?' என்று என்னைக் கேட்டு எழுதியிருப்பது எனக்குச் சிரிப்பை உண்டாக்கியது. ஆயினும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் நான் 'ஸங்கீத ஸௌபத்ர'த்தைத் தேடிக்கொண்டு போவதும், அது இல்லாத வாரங்களில் 'மானாபமான்' எங்கேயாவது உண்டா என்று பத்திரிகை விளம்பரங்களைப் புரட்டுவதும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமான வியாதியாகவே தோன்றும். என்னைக் காட்டிலும் முற்றிய நோயாளிகள் இங்கே ஏராளமாக இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் கொஞ்சம் பூர்வ கதையைச் சொல்லிவிடுகிறேன். பெல்காம் ஜில்லாவில் குர்ல்ஹோசூர் என்ற கிராமத்தில் பிறந்த அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் என்பவர், பார்ஸிக் கம்பெனிகள் பாட்டும் ஆட்டமுமாக நடத்திய நாடகங்களைப் பார்த்து, நம் காளிதாசனையே இப்படி மேடையில் பாட வைத்தால் என்ன என்று எண்ணி, சாகுந்தலத்தை மராத்தியில் எழுதி, அதன் முதல் நான்கு அங்கங்களை 1880-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி இதே புனேயின் ஆனந்தோத்பவக் கொட்டகையில் அரங்கேற்றினார். அதில் ஏறக்குறைய இருநூறு பாட்டுகள். இரண்டு வருஷம் கழித்து வந்தது ஸௌபத்ரம். அர்ஜுனன் சந்நியாசி வேஷம் போட்டு வந்து சுபத்திரையை அடைகிற அந்தக் கதையைத்தான் நாம் சுபத்திரா கல்யாணம் என்று குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆகையால் முதல் தடவை பார்க்கிறபோதே அது நமக்குப் பழைய நாடகம். அடுத்தாற்போல் என்ன நடக்கும் என்ற கவலைக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே இடமில்லை.

கிர்லோஸ்கர் தம் பாத்திரங்களுக்குக் கொடுத்த மெட்டுகளில் சாகியும் திண்டியும் இருக்கின்றன. தங்கள் ஊரில் மோர்காம்கர் பாவா வந்து கீர்த்தனம் செய்து, அதைக் கேட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் ஹரிகதையை வளர்த்த காலத்திலிருந்து, நம்மவர்கள் அதே சாகியையும் திண்டியையும் தலையாட்டிக் கேட்டு வருகிறார்கள். ஸரஸ்வதி மகாலில் உறங்கும் மராத்தி நாடகச் சுவடிகளைப் பற்றித் தாங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஸாங்கிலியில் விஷ்ணுதாஸ் பாவே 1843-இல் ஸீதா ஸ்வயம்வரம் போட்டதை மராத்தி நாடகத்தின் தொடக்கமாக இவ்வூரார் கொண்டாடுகையில், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே தஞ்சை அரண்மனையில் போன்ஸலே ராஜாக்கள் மராத்தியில் நாடகம் எழுதியதை நான் அடக்கத்தோடு ஞாபகப்படுத்துவது வழக்கம். அடக்கம் சில சமயம் போதாமல் போகிறது என்று என் புனே சிநேகிதர்கள் சொல்கிறார்கள்.

இப்போது அரங்குக்கு வாருங்கள். 1894-இல் தோன்றிய பரத நாட்ய ஸம்சோதன மந்திர் என்ற சபை சங்கீத நாடகங்களை விடாப்பிடியாகக் காப்பாற்றி வருகிறது. அதன் அரங்கம் இந்தச் சதாசிவ பேட்டையிலேயே இருக்கிறது. மூன்றாவது மணி அடித்ததும் நடிகர்கள் அனைவரும் கூடி நின்று நாந்தி என்னும் மங்கலப் பாட்டைப் பாடுகிறார்கள். மேடைக்கு அருகே காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனும் தபலாவும். சபையோரில் தலை நரைத்தவர்களே பெரும்பாலோர். என் பக்கத்து நாற்காலியில் அடிக்கடி அமரும் ஒரு பெரியவரை, இவ்வூர் வழக்கப்படி நானும் 'காகா' என்றே கூப்பிடுகிறேன். வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கிருஷ்ண வேஷக்காரப் பையன் முதல் அங்கத்தில் சற்றுத் தடுமாறியபோது அவர் என் காதருகே குனிந்து, "இன்றைக்குத் தொண்டை சரியில்லை, பாவம். ஆனால் இதே பாட்டில் போன வருஷம் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு ஓடிவந்தான், இன்று பாருங்கள், அங்கே நின்று காட்டுவான்" என்றார். பையன் நின்றும் காட்டினான். காகா கைதட்டவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'ம்' என்று மட்டும் சொன்னார். முதல் முறை வந்தவன் எவனும் அந்தக் கணத்தைக் கண்டிருக்க முடியாது. போன வருஷத்து ஷட்ஜம் காதில் இருப்பவனுக்குத்தான் இந்த வருஷத்து ஷட்ஜம் கேட்கும்.

நியூயார்க்கில் 'பாண்டம் ஆஃப் தி ஓபரா' என்ற சங்கீத நாடகம் 1988-இல் தொடங்கி 2023 ஏப்ரல் வரை நடந்ததென்றும், அதைக் கணக்கில்லாமல் பார்த்தவர்கள் உண்டென்றும் தாங்கள் படித்திருப்பீர்கள். அங்கே எழுதிய ஸ்வரம் எழுதியபடியே ஒலிக்க வேண்டும். மேடையில் நேற்று விழுந்த சரவிளக்கு இன்றும் அதே கணத்தில் விழ வேண்டும். மாறாமையைத் தேடியே ரசிகன் திரும்பி வருகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கேயோ மாறாதது வசனம் ஒன்றே. பாட்டு வந்ததும் சுபத்திரை சற்று நேரம் சுபத்திரையாக இருப்பதை விட்டுவிட்டு, ராகத்தில் அன்றைக்குத் தோன்றிய வழியில் சஞ்சாரம் செய்து, தானும் திருப்தியுற்று, பிறகுதான் அர்ஜுனனை நினைத்து ஏங்கத் திரும்புகிறாள்.

இந்தச் சுதந்திரத்துக்கு நாடகம் கொடுத்த விலையும் பெரிது. லோகமான்ய திலகர் 'பால கந்தர்வர்' என்று பெயர் வழங்கிய நாராயண் ராஜஹம்ஸர் 1905-இல் கிர்லோஸ்கர் கம்பெனியில் சேர்ந்து, ஸ்திரீ பார்ட்டில் மகாராஷ்டிரத்தையே மயக்கினார். அவர் புடைவை கட்டிய விதத்தைக் குலஸ்திரீகள் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். 1911-இல் நாடகாசிரியர் காடில்கரின் மானாபமான் பம்பாயில் அரங்கேறிய நாளில் தம் பெண் குழந்தையைப் பறிகொடுத்தும், அன்றிரவு அதன் கதாநாயகி பாமினியாக மேடைக்கு வந்து பாடினார். 1913-இல் சொந்தக் கம்பெனி. பிறகு பாஸ்கர்புவா பகலேயின் சங்கீதத்தில் ஸ்வயம்வரம். தபலாவுக்கு அஹமத்ஜான் திரக்வா. 1921-இல் திலகர் ஸ்வராஜ்ய நிதிக்காக அவரும் நடிகர் கேசவராவ் போஸ்லேயும் சேர்ந்து நடித்த 'ஸம்யுக்த மானாபமான்' பற்றி இவ்வூர்ப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டால், அவர்களே நேரில் பார்த்ததுபோல் இருக்கும்; அவர்களில் எவரும் அப்போது பிறந்திருக்க முடியாது.

அந்த நாட்களில் 'ஒன்ஸ் மோர்' என்ற கூச்சல் எழுந்தால் பாட்டு மறுபடியும் முதலிலிருந்து பிறக்கும். மறுபடியும் கூச்சல், மறுபடியும் பாட்டு. இரவில் ஆரம்பித்த நாடகம் விடிந்து முடியும். கதாநாயகியின் துக்கம் பாதி வழியில் நிற்க, சபை சங்கீதத்தில் மூழ்கியிருக்கும். திரும்பத் திரும்ப வந்த ரசிகர்களே இந்தக் கலையை வாழ வைத்தார்கள் என்பது எவ்வளவு உண்மையோ, அவர்களே நாடகத்தின் கழுத்தைச் சற்று இறுக்கியும் விட்டார்கள் என்பதும் அவ்வளவு உண்மை என்று நான் கருதுகிறேன். பேசும் படம் வந்தபோது, கம்பெனிகளுக்குக் கடன் மிஞ்சியது. பால கந்தர்வரும் சினிமாவில் சிறிது காலம் இருந்துவிட்டு மேடைக்கே திரும்பினார். ஆனால் பழைய மேடை அங்கே இல்லை.

நம் பக்கத்திலும் கிட்டப்பா பாடி முடிக்கும் முன் 'ஒன்ஸ் மோர்' கேட்ட தலைமுறை இருந்தது. ஆனால் சங்கரதாஸ் ஸ்வாமிகளின் வள்ளி திருமணம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஸ்பெஷல் நாடகமாக இன்றும் உயிரோடிருக்கிறதற்குக் காரணம் பாட்டு மட்டுமன்று. வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியே வந்திறங்கும் நடிகர்கள், ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்தித்து, நாரதரும் வள்ளியுமாகத் தர்க்கம் செய்கிறார்கள். யார் யாரை மடக்குவார் என்பது இருவருக்குமே தெரியாது. அங்கே திருவிழாக் கூட்டம் வருஷந்தோறும் விடிய விடிய உட்கார்ந்திருப்பது அந்தத் தர்க்கத்துக்காக. மராத்தி மேடையில் பாட்டுக்குக் கிடைத்த விடுதலை நம்மிடம் பேச்சுக்கும் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, நம் நாடகம் பாட்டில் முழுகிப்போகவில்லை.

இங்கேயும் பின்னால் ஒரு திருத்தம் வந்தது. இசையமைப்பாளர் ஜிதேந்திர அபிஷேகி பாட்டுகளைக் குறைத்து, கதைக்கு வழிவிட்டார். அவருடைய சங்கீதத்தில், இரண்டு பாணிப் பாடகர்களின் பகையைச் சொல்லும் 'கட்யார் காளஜாத் குஸலீ' 1967-இல் வந்தது. அவர்களில் ஒருவரான கான்ஸாகேபாக வசந்தராவ் தேஷ்பாண்டே. பேரர் ராகுல் தேஷ்பாண்டே அதே வேஷத்தை ஏற்று அந்த நாடகத்தை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தபோது, தாத்தாவைக் கேட்டவர்கள் பேரனை அளந்து பார்க்க வந்தார்கள். 2015-இல் அது சினிமாவாகி, நம் சங்கர் மகாதேவன் அதில் பண்டிதராக நடிக்கவும் செய்தார். அதற்குப் பிறகு கல்லூரிப் பிள்ளைகளும் சங்கீத நாடகத்துக்கு வருகிறார்கள் என்று காகா ஒப்புக்கொள்கிறார், சற்றே மனமில்லாமல். எனக்கென்னவோ, கட்யாரின் கச்சிதத்தைவிட ஸௌபத்ரத்தின் சோம்பல்தான் பிடித்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜங்கலி மகாராஜ் சாலையிலுள்ள பாலகந்தர்வ ரங்கமந்திரில் மானாபமான். பால கந்தர்வரே 1962-இல் கல் நாட்டி, அவர் மறைந்த மறு வருஷம், 1968-இல் அவருடைய ஜன்ம தினத்தில் திறந்த அரங்கம் அது. இடைவேளையில் கிடைக்கும் உருளைக்கிழங்கு வடையைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். தாங்கள் சென்னையில் மும்பை ரயிலைப் பிடித்தால் மறு நாள் இங்கே இறங்கிவிடலாம். இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். தாங்கள் வராவிட்டால் மற்றொன்று காகாவுக்கு. ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. நம் ஊர்க் கணக்கில் ஐந்தரை என்று வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், நாந்தி போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சிநேகிதன்