வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட்

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே எங்கள் வகுப்புக்கு இருப்புக் கொள்ளாது. கடைசி இரண்டு பீரியடும் கைத்தொழில். 1981-ல் சென்னிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தேன். பின்புறம் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. ஒரு பாதியில் இரண்டு தறி, மறுபாதியில் தச்சுப் பட்டறை. பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் அந்த பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வார். "இன்னைக்குக் கைத்தொழிலுங்க சார்" என்று மொத்த வகுப்பும் கெஞ்சும். வேறு எந்தப் பாடத்துக்காகவும் நாங்கள் கெஞ்சியதில்லை.

வருஷ ஆரம்பத்தில் கைத்தொழில் சார் ஒவ்வொருவரையும் எழுப்பி, "தறியா, தச்சா?" என்று கேட்டார். அப்பாவுக்கு மளிகைக்கடை. நான் தறி என்றேன். பக்கத்தில் இருந்தவன் தறிக்காரர் மகன். காலையில் நாலு தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். அவன் எழுந்து, "தச்சுங்க சார்" என்றான்.

என் தாத்தாவுக்குக் கைத்தொழில் வகுப்பு என்றாலே ஆகாது. 1953-ல் ராஜாஜி ஆட்சியில், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று வந்த திட்டத்தை அவர் மறக்கவில்லை. குலக்கல்வி என்று பெரும் எதிர்ப்பு கிளம்பி, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது போயிற்று. "அப்பன் தொழிலையே புள்ளை தலையில கட்டற வேலை" என்பார். அவர் கோபம் நியாயம். ஆனால் எங்கள் கொட்டகையில் நடந்தது அதற்கு நேர்மாறு. அவரவர் வீட்டில் இல்லாததைத் தேடிப் போனோம். அந்த வகுப்பு அத்தனை பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கும் நாள் ஒன்று வந்தது. என் விரலில் நூல் நிற்கவே இல்லை, முறுக்குவதற்குள் பிரிந்துவிடும். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தறிக்காரர் மகன் வந்தான். சட்டையெல்லாம் மரச்சீவல். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரே முறுக்கு. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. "ஈரக்கையோட தொடாதே, வேர்வை ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனான். கணக்கு வகுப்பில் பாதி நாள் வெளியே நிற்பவன் அவன். அன்று மாலை வரை அவன் சொன்னபடியே நூறு இழைக்கு மேல் பிணைத்தேன். விரல் நுனி எரிந்தது. மணி அடித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவன் வேப்பம்பலகையில் ஒரு மணை செய்தான். மூலைமட்டம் வைத்து வைத்துப் பார்த்தும் ஒரு கால் அரை விரற்கடை குட்டை. பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னால் கேட்கவில்லை. தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான்.

கோடை விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய அப்பா குழித்தறியில் நெய்துகொண்டிருந்தார். "வாங்க தம்பி, இந்தத் தறி என்னோட போகட்டும், இவன் வேற ஏதாச்சும் பார்க்கட்டும்" என்றார், நாடாவை நிறுத்தாமலே. அவர் உட்கார்ந்திருந்தது அந்த மணையில்தான். குட்டைக் காலுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தார்.