தனியாளால் ஆகாத வைத்தியம்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கி, மாவனெல்லையைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் பின்னவலை. தாயை இழந்த யானைக்குட்டிகளுக்கான காப்பகம் 1975 இல் மா ஓயாவை ஒட்டி அமைந்த பிறகு, யானையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெருகிவிட்டன. பாகன்மார் இருக்கிறார்கள், கித்துல் மட்டையும் பலா இலையும் வெட்டி வருபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் பட்டம் வாங்கிய கையோடு தொண்டு செய்ய வந்து தங்கும் இளம் கால்நடை வைத்தியர்களும் உண்டு. இந்த இளையோரைப் பிடித்தாட்டும் கவலைகள் இரண்டு. வனவிலங்கு வைத்தியம் வாழ்நாள் முழுக்கச் சோறு போடுமா, ஊரிலேயே நாயும் பூனையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாமோ என்பது ஒன்று. பாஷை தெரியாத ஊரில் வேலை முடிந்த மாலைப்பொழுதை யாரோடு கழிப்பது என்பது மற்றது. முன்னதைத் தொழில் பிரச்சினை என்றும் பின்னதைச் சொந்த விடயம் என்றும் பிரித்துப் பார்ப்பதே வழக்கம். இரண்டும் ஒன்றுதான் என்பேன். இந்த வேலையின் நுட்பத்தில் பாதி மனிதரோடு பழகுவதில் இருக்கிறது. பழக வழியில்லாதவருக்குத் தொழில்மீதே ஐயம் வருவதில் வியப்பில்லை.

யானையின் கால் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். கட்டி வளர்க்கும் யானைக்கு அடிக்கடி வரும் உபாதை காலில்தான். நகம் வெடிக்கும், உள்ளங்காலில் கல் குத்திச் சீழ் கட்டும். பாகன் ஒரு சொல் சொன்னால் யானை காலை மடித்துத் தூக்கும். புண்ணைக் கழுவி, செத்த தோலைச் சீவி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாநிறத் தண்ணீரில் காலை ஊறவைத்து முடிக்கும்வரை அது பொறுமையாக நிற்பது பாகனின் குரலுக்குக் கட்டுப்பட்டு. வைத்தியரின் பட்டம் அதற்குத் தெரியாது. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் திணித்துக் கொடுத்தால், பழத்தைத் தின்று மாத்திரையை மட்டும் துப்பிவிடும் யானைகள் உண்டு. எதில் ஒளித்தால் விழுங்கும் என்பதும் பாகனுக்குத்தான் தெரியும். நேற்றைவிட இன்று பிண்டம் குறைவு, முன்காலில் பாரம் போடத் தயங்குகிறது, காதாட்டம் மந்தம் என்று நோயின் முதல் அறிகுறிகளைக் காண்பவரும் அவரே. அவற்றை அவர் படிவத்தில் நிரப்பித் தரப்போவதில்லை. மர நிழலில் தேத்தண்ணி குடித்தபடி வேறெதையோ பேசும்போது இடையில் சொல்வார். பழி தன்மேல் விழும் என்று பயந்தால் சொல்லாமலே விடுவார். அப்படியானால் அந்த மாலைப் பேச்சையும் நோயறிதலின் முதற்படியாகவே கொள்ளவேண்டும்.

உடற்கூறு எங்கும் ஒன்றுதானே, கை தேர்ந்தவருக்குப் பாஷை எதற்கு என்று கேட்கலாம். நுட்பம் கூடக்கூட ஆள் துணையும் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்பதே பதில். மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி யானைக்கு இல்லை. இணைப்புத் திசு அதை நிரப்பி ஒட்டவைத்திருக்கிறது. நெஞ்சும் உதரவிதானமும் அசைந்தால்தான் மூச்சு. மயக்க ஊசி பட்ட யானை நெஞ்சு நிலத்தில் படிய மடிந்து விழுந்தால், அதன் எடையே அதற்கு மூச்சுமுட்டலாகும். உடனே கயிறு போட்டு இழுத்துப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். எட்டோர்ஃபின் போன்ற மயக்க மருந்து தவறிச் சிறிதளவு உடம்பில் ஏறினாலும் மனித உயிருக்கே ஆபத்து என்பதால், மாற்று மருந்தோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் யார் கயிறு பிடிப்பது, யாருடைய சொல்லுக்கு மற்றவர்கள் அசைவார்கள் என்பதெல்லாம் முன்பே பழகித் தீர்ந்திருக்க வேண்டியவை.

இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. 2023 இல் மட்டும் இலங்கையில் 450க்கு மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. துப்பாக்கிச்சூடு, மின்கம்பி, தீனிக்குள் மறைத்து வைக்கும் ‘ஹக்கப்பட்டாஸ்’ வெடி ஆகியவை முக்கிய காரணங்கள். இத்தனை சாவுக்கு நடுவே ஒரு யானையின் கால்புண்ணை ஆற்றி என்ன பயன்? இளம் வைத்தியரின் ஐயம் இங்கேதான் வேர்கொள்கிறது. ஊசியும் கத்தியும் மட்டுமே தொழில் என்றால் அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் தொழில் அவ்வளவோடு முடிவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. மீட்டு வைத்தியத்துக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்தது. மலையகத்தில் இத்தகைய கம்பிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைப்பவை. விலங்கு சிக்கியதை முதலில் காண்பவர் பெரும்பாலும் கொழுந்து பறிக்கப் போகிறவராக இருப்பார். காண்பதற்கும் தொலைபேசி எடுப்பதற்கும் இடையிலான நேரத்திலேயே உயிர் ஊசலாடுகிறது. வைத்தியர் தெரிந்த முகமென்றால் அழைப்பு சீக்கிரம் வரும். எங்கெங்கே கம்பி கட்டியிருக்கிறது என்ற சேதியும் சேர்ந்து வரும். ஒரு புண்ணுக்கு அப்பால் போகும் வைத்தியம் இதுதான். இதற்கு அயல்நாட்டார் எதற்கு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடமே இருக்கிறதே என்பாரும் உண்டு. பேராதனைப் பட்டதாரிக்கே முதலிடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சிங்களம் மட்டும் தெரிந்த பட்டதாரிக்கும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசல் அந்நிய தேசந்தான்.

பழக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2019 கண்டி எசல பெரஹராவின்போது, எழுபது வயதான திக்கிரி என்ற யானை எலும்பும் தோலுமாய் நின்ற படம் உலகெங்கும் பரவியது. அடுத்த மாதமே அது இறந்தது. அலங்காரத் துணிக்குள் இருந்த உடம்பை, படம் எடுத்தவருக்கு முன்பே அதைக் குளிப்பாட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்கள் நம்பிச் சொல்லக்கூடிய, உடைமையாளரிடம் துணிந்து எடுத்துச் சொல்லக்கூடிய வைத்தியர் ஒருவர் இரண்டு மூன்று வாரத் தொண்டில் உருவாகமாட்டார். வனவிலங்குத் துறையில் பதவிகள் சொற்பம். பலர் பண்ணைக்கும் வெளிநாட்டுக்கும் போவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கு அனுப்புவோரும் அமர்த்துவோரும் ஒன்று செய்யலாம். ஒரு வருடத்துக்குக் குறையாத தங்கல், சிங்களமும் தமிழும் பேசப் பயிற்சி, பாகனோடு செலவழிக்கும் நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிடுவது ஆகிய மூன்றையும் நிபந்தனையாக்கலாம். அதன் பிறகும் தொழிலை விட்டுப் போவோர் இருப்பார்கள். அவர்கள் விட்டுப்போவது எந்தத் தொழிலை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.