கிரகணத்தின் மேல் பழி

என் சித்தியின் தலைச்சன் குழந்தைக்கு நெற்றி நடுவில் ஒரே கண். ஒரு மணி நேரங்கூட உயிரோடு இருக்கவில்லை. "கிரகணத்தன்று வாசலுக்குப் போனாளே!" என்றாள் பாட்டி. நாங்களும் தலையாட்டினோம்.

கருவில் மூளை முதலில் ஒரே குழாய்தான். 'ஸானிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற மரபணுவின் புரதம் அதன் அடிப்பக்கத்திலிருந்து பரவினால்தான் முன்மூளை இரண்டாகும், கண்ணும் இரண்டாகும். 1996-ல் அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கருக்களில் கண் பிரியவே இல்லை. மனிதரிலும் சில குடும்பங்களில் இக்குறைக்கு அதே மரபணுவின் பழுதுதான் காரணம் என்று அவ்வாண்டே கண்டார்கள்.

இந்தப் பாகப்பிரிவினை முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. கிரகணம் வந்ததோ சித்திக்கு ஆறாம் மாதம். இதைச் சொல்லலாமென்றால், கேட்கச் சித்தி இல்லை.